மருந்தை இறக்கிய பிறகு நினைவை அளந்தோம்: ஒரு வலிப்பு நோயாளியின் நிகழ்வு ஆய்வு

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு கிராமம். 28 வயதுப் பெண், பிளஸ் டூ வரை படித்தவர். வீட்டில் அப்பா, அம்மா, தம்பி, அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. கொஞ்சம் மேட்டுக்காடு, கட்டுத்தரையில் நாலு மாடு. ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், எங்களிடம் வருவதற்கு முந்தின வருடம் அந்த வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஊரையும் குடும்ப விவரங்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

நான் நரம்பியல் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். நினைவாற்றல், கவனம், பேச்சு, மனநிலை இவற்றை அளப்பது என் வேலை. வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது நாங்கள் எழுதிக் கொடுக்கும் நினைவாற்றல் அறிக்கைக்கு நிறைய எடை உண்டு. அதிலிருக்கும் எண் நோயாளியின் மூளையைக் காட்டுகிறதா, அவர் விழுங்கும் மாத்திரைகளைக் காட்டுகிறதா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகச் சொல்கிறது.

நோயின் வரலாறு

ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலோடு ஒரு வலிப்பு. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்று அம்மா சொன்னார். அதற்கப்புறம் பல வருடம் ஒன்றுமில்லை. 13 வயதில் வேறு மாதிரி ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறுவது போல ஓர் உணர்வு, கூடவே காரணமில்லாத ஒரு பயம். உடனே பார்வை ஓரிடத்தில் நின்றுவிடும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேச வராது.

தம்பி செல்போனில் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோ எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. இடது கை துப்பட்டாவைத் திரும்பத் திரும்பப் பிசைகிறது, வலது கை முறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கிறது. தெளிந்த பிறகு அம்மா ஒரு டம்ளரைக் காட்டி "இது என்ன கண்ணு?" என்று கேட்கிறார். பொருள் தெரிகிறது, பெயர் வரவில்லை. விறைத்தது வலது கை, தடைப்பட்டது பேச்சு. வலது கையை ஆள்வது மூளையின் இடது பக்கம், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆள்வதும் அதுவே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வலிப்பு கிளம்பும் இடம் மூளையில் காதை ஒட்டியிருக்கும் இடது டெம்போரல் மடல் என்று படம் எடுப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, இன்னொருவர் படம் பிடித்து வைப்பது நல்லது. மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள சாட்சி இல்லை.

முதல் இரண்டு வருடம் மந்திரிப்பிலும் கயிறு கட்டுவதிலும் போயிருக்கிறது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கும் பழக்கம் இன்றும் வீட்டில் இருக்கிறது. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடுவதால், சாவி கொடுத்ததும் நின்றது போலத் தெரிகிறது. வீட்டாருக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் வண்டியைப் பிடியுங்கள்.

தென்னிந்தியாவில் வலிப்பு வரலாறு கேட்கும்போது விடக்கூடாத இரண்டு கேள்விகளையும் கேட்டோம். முதலாவது, தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது வருகிறதா? எண்ணெய் தேய்த்து, நல்ல சூட்டில் தண்ணீரை மளமளவென்று தலையில் ஊற்றிக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். சுடுநீர் வலிப்பு என்ற தனி வகை மைசூர் வட்டாரத்திலும் தென்னிந்தியாவின் மற்ற பகுதிகளிலும் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. இவருக்கு அது இல்லை. இரண்டாவது, நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் லார்வா மூளையில் தங்கி உண்டாக்கும் கட்டி. அசுத்தமான தண்ணீராலும் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியாலும் இது வரும் என்பதால் சைவம் சாப்பிடுகிறவர்களும் தப்ப முடியாது. பின்னால் எடுத்த ஸ்கேனில் அதுவும் இல்லை என்று தெரிந்தது.

வந்தபோது இருந்த நிலை

தினமும் மூன்று மருந்து: பீனோபார்பிட்டல் 120 மி.கி., பெனிட்டாயின் 300 மி.கி., டோபிராமேட் 200 மி.கி. மாதம் மூன்று நான்கு முறை சுயநினைவு தவறும் வலிப்பு, வருடத்துக்கு இரண்டு முறை கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு. பழைய கோப்பு தடிமனாக இருந்தது. ஒவ்வொரு வருகைக்கும் எத்தனை வலிப்பு வந்தது என்ற எண்ணும், அதே மருந்தைத் தொடரவும் என்ற வரியும் இருந்தன. வேலை, படிப்பு, தூக்கம், மனநிலை பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்பா உட்கார்ந்ததும் முதலில் சொன்னது வலிப்பைப் பற்றி இல்லை. "புள்ள மந்தமாயிடுச்சுங்க. முன்னெல்லாம் நெம்பச் சூட்டிகையா இருக்கும்" என்றார். அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டபோது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களைப் பார்த்த உடனே பெயர் சொல்லி, பாஸ்புக்கைக் கையில் வாங்குவதற்குள் லிட்டரை எழுதிவிடுவாராம். டோபிராமேட் சேர்த்துச் சில மாதத்தில் பெயர்கள் நழுவ ஆரம்பித்தன. "ஆளு முன்னாடி நிக்கறாங்கக்கா. தெரிஞ்ச முகந்தான். பேரு நாக்கு நுனியிலயே நிக்குது, வரமாட்டேங்குது." ஒரு நாள் ஒருவருடைய பாலை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டார். பால் பணத்தை நம்பி மாட்டுத்தீவனக் கடனை அடைக்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே நின்றுவிட்டார். வலிப்பு வந்து விழுந்தபோதெல்லாம் விடாத வேலை அது.

பரிசோதனையில் கண் மணிகள் பக்கவாட்டில் பார்க்கும்போது துடித்தன. ஒற்றையடியாக நடக்கச் சொன்னால் தள்ளாட்டம். ஈறு வீங்கிப் பல்லின் பாதி வரை மூடியிருந்தது. மூன்றும் பெனிட்டாயினின் கைவரிசை. ரத்தத்தில் அதன் அளவு மில்லி லிட்டருக்கு 27 மைக்ரோகிராம். 10 முதல் 20 வரை இருக்க வேண்டியது. பெனிட்டாயினைச் சிதைக்கும் வேலையைக் கல்லீரல் ஓர் அளவுக்கு மேல் வேகப்படுத்த முடியாது. அந்த எல்லையைத் தொட்ட பிறகு மாத்திரையைக் கொஞ்சமே கூட்டினாலும் ரத்தத்தில் அளவு எகிறிவிடும். அதனால் ஒரே 300 மி.கி. ஒருவருக்குப் பற்றாமலும் இன்னொருவருக்கு விஷமாகவும் இருக்க முடியும்.

முன்பு எடுத்திருந்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வலிப்புக்கென்றே வகுத்த முறைப்படி, டெம்போரல் மடலுக்குள்ளே புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்காக மெல்லிய வெட்டுகளில் எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இடது ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகியிருப்பது தெரிந்தது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் கூர் அலைகள் இடது டெம்போரல் பகுதியிலிருந்தே வந்தன. குழந்தைப் பருவத்தில் நீண்ட காய்ச்சல் வலிப்பு, நடுவில் அமைதியான வருடங்கள், பதின்ம வயதில் திரும்புதல், ஹிப்போகாம்பஸ் தழும்பு. இந்த வரிசை நரம்பியல் துறைக்கு நன்கு பழகியது.

முதல் அளவீடு

பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பிலிருந்து எடுத்த சோதனைகளைச் செய்தோம். அதில் 15 சொற்கள் கொண்ட பட்டியலை ஐந்து முறை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் நினைவிலிருப்பதைச் சொல்லச் சொல்வோம். பிறகு அரை மணி நேரம் கழித்து, வாசிக்காமலே திரும்பக் கேட்போம். இவர் முதல் முறை 3 சொற்கள் சொன்னார், ஐந்தாவது முறை 8, அரை மணி கழித்து 4. மிருகங்களின் பெயர்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடிகிறது என்று பார்த்ததில் 8. மாடு, எருமை, ஆடு, நாய், பூனை வரை வந்துவிட்டு நீண்ட நேரம் நின்றுவிட்டார். எண்ணுக்கு நேராகக் குறி போடும் வேகச் சோதனையில் மிகவும் மந்தம். பார்த்த படத்தை நினைவிலிருந்து வரைவது மட்டும் தேவலையாக இருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. இடது ஹிப்போகாம்பஸ் தழும்பு என்றால் சொல் நினைவு குறையும், பட நினைவு தப்பிக்கும். தழும்பான அந்தப் பகுதியை எடுத்துவிடும் அறுவைக்கு நல்ல நோயாளி என்றும் தோன்றும். 1995இல் கெலூன் என்ற நரம்பு உளவியலாளர் விளக்கிய ஒரு கருத்து இன்றும் எங்கள் துறையில் அடிப்படை: எடுக்கப் போகும் ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே வேலை செய்யாமல் கிடந்தால், அதை எடுப்பதால் இழப்பது குறைவு, அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் இழப்பது அதிகம். இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, சொல் நினைவு ஏற்கெனவே போய்விட்டது, அறுவையால் மேற்கொண்டு பெரிதாகப் போகாது என்று குடும்பத்திடம் சொல்லிவிட முடியும்.

ஆனால் எண்களை உற்றுப் பார்த்தால் ஒன்று இடித்தது. ஹிப்போகாம்பஸ் மட்டும் பழுதென்றால், சொற்களைக் கேட்ட உடனே திரும்பச் சொல்வது ஓரளவு சரியாக இருக்க வேண்டும், தாமதத்துக்குப் பிறகுதான் கொட்டிப்போக வேண்டும். இவரோ முதல் தடவையே மூன்று சொல்லில் நின்றார். உள்ளே போகவே இல்லை என்றால் அது கவனத்தின் கோளாறு, வேகத்தின் கோளாறு. அதற்குக் காரணமாக மூன்று மருந்துகள் கண்முன்னே இருந்தன. டோபிராமேட் சொல் தேடலைத் தடுக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பீனோபார்பிட்டல் பற்றிச் சொல்லவே வேண்டாம். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தபோது நுண்ணறிவு எண் குறைந்ததை 1990இலேயே ஃபார்வெல் குழுவினர் காட்டிவிட்டார்கள். பெனிட்டாயின் வேறு நச்சு அளவில் இருந்தது.

நான்காவது காரணமும் இருந்தது. வலிப்பு நோயாளிகளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க என்.டி.டி.ஐ.-ஈ என்று ஆறு கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. 15க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இவருக்கு 19. "செத்துப்போனால் தேவலை" என்ற பொருளில் வரும் கேள்விக்கு "அடிக்கடி" என்று சொன்னார். நேராகவே கேட்டோம். திட்டம் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும் வந்து போகிறது என்றார். அன்றே அம்மாவையும் அம்மிச்சியையும் அழைத்துப் பேசி, மாத்திரைகளை அம்மிச்சியின் பொறுப்பில் வைத்தோம். எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து தொடங்கப்பட்டது. வலிப்பு இருப்பவருக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்தால் வலிப்பு கூடிவிடும் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. இந்த வகை மருந்துகளை வழக்கமான அளவில் தயக்கமில்லாமல் கொடுக்கலாம்.

வாழ்க்கைத் தரத்தை கியூ.ஓ.எல்.ஐ.ஈ.-31 படிவத்தால் அளந்தோம். வலிப்பு பற்றிய கவலை, மனநலம், தெம்பு, சிந்தனைத் திறன், மருந்தின் விளைவுகள், சமூக வாழ்க்கை, மொத்தமாக வாழ்க்கை பற்றிய எண்ணம் என ஏழு பிரிவுகள், நூற்றுக்கு மதிப்பெண். கேள்விகளை நானே தமிழில் வாசித்துக் கேட்டேன். மொத்தம் 34. மிகக் குறைந்த மதிப்பெண் வலிப்புக் கவலைக்கு வரும் என்று யாரும் நினைப்பார்கள். வந்தது சிந்தனைத் திறனுக்கும் தெம்புக்கும். வண்டி ஓட்டுவது பற்றி அதில் ஒரு கேள்வி வரும். நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், உண்டென்றால் உரிமம் கிடையாது. டவுன் பஸ் ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் வரும் ஊரில் டி.வி.எஸ். ஓட்ட முடியாமல், ஒவ்வொன்றுக்கும் தம்பியை எதிர்பார்த்து வாழ்வது என்ன என்பதை அந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரமே காட்டியது.

2002இல் கில்லியம் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். வலிப்பு தொடரும் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானித்தவை மனச்சோர்வும் மருந்தின் பக்கவிளைவுகளும்தான், மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்ற எண் அல்ல என்று அதில் தெரிந்தது. 2004இல் அவரே செய்த இன்னொரு ஆய்வில், பக்கவிளைவுகளை ஒரு படிவம் வைத்து முறையாகக் கேட்டு மருத்துவருக்குக் கொடுத்ததிலேயே நோயாளிகளின் நிலை மேம்பட்டது. கேட்பதற்குச் செலவில்லை. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் படிவத்தை வெளியே காத்திருக்கும்போதே நிரப்பச் சொல்லலாம்.

மருந்தை மாற்றியது

பீனோபார்பிட்டலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. கொங்கு நாட்டுக்கு வடக்கே, எல்லை தாண்டினால் வந்துவிடும் கர்நாடகத்து எளந்தூரில் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் கிராமத்து நோயாளிகளுக்கு பீனோபார்பிட்டலும் பெனிட்டாயினும் கொடுத்துப் பல பேரின் வலிப்பைக் கட்டுப்படுத்தினார்கள். 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஒரு வேளை போதும். சிகிச்சையே இல்லாமல் கிடப்பவருக்கு அது பெரிய கொடை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிளாஸ்கோவில் க்வானும் ப்ரோடியும் 470 புதிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2000இல் எழுதினார்கள்: முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம் பேருக்கு, அதற்கப்புறம் சேர்க்கும் மருந்துகளால் கிடைப்பது மிகக் கொஞ்சம். சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. இந்தப் பெண் அந்தக் கோட்டைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது மருந்து வலிப்பைக் குறைக்கவில்லை, சொற்களைத்தான் குறைத்தது.

எங்கள் நரம்பியல் மருத்துவர் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். முதலில் பெனிட்டாயினைக் கொஞ்சம் குறைத்து நச்சு அளவிலிருந்து கீழே கொண்டுவந்தார். அடுத்து லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே டோபிராமேட்டை வாரம் 25 மி.கி. வீதம் எடுத்தார். லாமோட்ரிஜினை அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரியும் அளவுக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினோம். பிறகு பெனிட்டாயினும் முழுதாக நின்றது. கடைசியாக பீனோபார்பிட்டல். அதைத் தடாலென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் மாதம் 15 மி.கி. மட்டும் குறைத்தார். பெனிட்டாயினும் பீனோபார்பிட்டலும் லாமோட்ரிஜினை உடம்பு வேகமாகக் கழிக்கும்படி செய்பவை. அவை போகப்போக லாமோட்ரிஜினின் அளவு தானாகக் கூடும், அதையும் சரிக்கட்ட வேண்டும். இதெல்லாம் மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கக் கூடாது.

பீனோபார்பிட்டல் பாதி குறைந்திருந்த சமயத்தில் ஓர் இரவு பெரிய வலிப்பு வந்தது. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயைத் தம்பி அடித்தார், நின்றது. மறுநாள் காலை அப்பா போனில், "ஏனுங்க, பழைய மாத்திரையவே குடுத்துடலாமுங்களா? எங்களுக்கு வெசனமா இருக்குதுங்க" என்றார். நியாயமான பயம். மருத்துவர் அந்த மாதம் குறைப்பதை நிறுத்திவைத்து, இரவுக்கு க்ளோபசாம் என்ற வலிப்பு மருந்தை 10 மி.கி. சேர்த்தார். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் உயிரிழக்கிறார்கள் என்பதையும், பெரிய வலிப்புகள் கட்டுப்படாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அம்மிச்சி அன்றிலிருந்து பேத்தியோடு ஒரே அறையில் படுக்கிறார்.

சுமார் பதினைந்து மாதத்தில் பழைய மருந்து மூன்றும் போய், லாமோட்ரிஜினும் க்ளோபசாமும் மட்டும் நின்றன.

இரண்டாவது அளவீடு

முதல் சோதனைக்கு ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பச் செய்தோம். அதே சொற்களை வைத்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறலாம் என்பதால் மாற்றுப் பட்டியலை எடுத்தேன். முதல் முறை 6 சொற்கள், ஐந்தாவது முறை 13, அரை மணி கழித்து 9. மிருகங்கள் 17. குறி போடும் வேகம் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற அளவுக்கு வந்துவிட்டது. மனச்சோர்வுப் படிவத்தில் 11. வாழ்க்கைத் தரம் 34இலிருந்து 62.

வலிப்பு? மாதம் இரண்டு. பெரிய வலிப்பு கடந்த சில மாதங்களாக இல்லை. அதாவது வலிப்பின் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. பழைய கோப்பின் கணக்குப்படி பார்த்தால் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணோ மறுபடியும் சொசைட்டிக்குப் போகிறார். இப்போது பாலை அளக்கும் மெஷினே எண்ணைப் போட்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் ஆளைப் பார்த்ததும் பெயர் வருகிறது என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் எந்தப் படிவத்திலும் குறிக்க முடியவில்லை. இதில் எவ்வளவு மருந்து இறங்கியதால், எவ்வளவு மனச்சோர்வு தெளிந்ததால் என்று பிரித்துச் சொல்ல ஒரே நோயாளியை வைத்து முடியாது. இரண்டும் சேர்ந்தே நடந்தது.

தாமதத்துக்குப் பிறகு 13இல் 9 தான் மிஞ்சியது. இடது ஹிப்போகாம்பஸின் தழும்பு அங்கே தெரிகிறது. ஆனால் முதல் அறிக்கை காட்டியதைப் போல அது செத்துக் கிடக்கவில்லை. கணிசமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அறுவையைப் பற்றிய பேச்சு இங்கேதான் கடினமாகிறது.

அறுவை பற்றிய பேச்சு

அறுவைக்கு ஆதரவான சான்று உறுதியானது. கனடாவில் வீப் குழுவினர் 80 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருட முடிவில் சுயநினைவு தவறும் வலிப்பு இல்லாமலிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். அறுவை செய்தவர்களின் வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய வலிப்பு அறுவைத் திட்டம் இந்த வகை வலிப்புக்கு நீண்ட அனுபவம் உள்ளது. அங்கேதான் அனுப்பினோம். ஈரோட்டில் ரயிலேறி அப்பாவும் மகளும் போனார்கள். வீடியோ இ.இ.ஜி.யில் பதிவான வலிப்புகள் எல்லாம் இடது பக்கத்திலிருந்தே கிளம்பின. பேச்சை ஆளும் இடமும் இடது பக்கமே. அறுவை செய்யலாம் என்பது அங்கே சொன்ன கருத்து.

நினைவு பற்றிய பகுதியைப் பேசும் பொறுப்பு என்னுடையது. 2011இல் ஷெர்மன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதை மறைக்காமல் சொன்னேன்: இடது டெம்போரல் அறுவை செய்தவர்களில் 44 சதவீதம் பேருக்குச் சொல் நினைவு குறைந்தது, வலது பக்கத்தில் 20 சதவீதம் பேருக்கு. முதல் அறிக்கையை வைத்துப் பேசியிருந்தால் அந்த 44இல் அவர் வரும் வாய்ப்பு குறைவு என்று சொல்லியிருப்போம். இரண்டாவது அறிக்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதே சமயம் அறுவை வேண்டாமென்று இருந்தாலும் நினைவு அப்படியே நிற்கும் என்பதில்லை. 2003இல் ஹெல்ம்ஸ்டேட்டர் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில், மருந்திலேயே இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு நினைவு சரிந்திருந்தது. அறுவைக்குப் பின் வலிப்பு முழுதாக நின்றவர்களுக்குச் சரிவு நின்றது, சிலருக்குத் திரும்பியும் வந்தது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எங்களையெல்லாம் மறந்துருமாங்க?" 1953இல் அமெரிக்காவில் எச்.எம். என்று அறியப்பட்ட நோயாளிக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் எடுத்துவிட்டதால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன கதை எங்கோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. இப்போது செய்வது ஒரு பக்கம் மட்டும், மற்ற பக்கம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்கிறார்கள், பெற்றவர்களை மறப்பது நடக்காது, புதிய பெயர்களும் சொன்ன சேதிகளும் முன்னளவுக்குப் பிடிபடாமல் போகலாம் என்று விளக்கினேன்.

கல்யாணப் பேச்சும் இதற்குள் வந்தது. முன்பு ஒரு வரன் வலிப்பைச் சொன்னதும் நின்றுபோயிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் செல்லுபடியாகும் திருமணத்துக்கான நிபந்தனைகளில் வலிப்பு நோயையும் சேர்த்திருந்ததை 1999இல் திருத்தி நீக்கிவிட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் புதிதாக இருந்தது. மறைத்துக் கட்டிக் கொடுக்காதீர்கள், சொல்லிச் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. மறைத்தால் மாத்திரையையும் ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும், தவறிப்போகும், வலிப்பு வரும். குழந்தைப்பேறைப் பொறுத்தவரை லாமோட்ரிஜினுக்கு மாறியது நல்லதாயிற்று. கர்ப்ப காலத்தில் தாய் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுத்த குழந்தைகளின் நுண்ணறிவு எண் ஆறு வயதில் மற்ற மருந்துகளைவிடக் குறைவாக இருந்ததை 2013இல் மீடர் குழுவினர் காட்டினார்கள். லாமோட்ரிஜினில் அந்தச் சரிவு இல்லை. கர்ப்பம் தரித்தால் அதன் அளவு ரத்தத்தில் இறங்கும் என்பதால் அப்போது அடிக்கடி பார்த்துக் கூட்ட வேண்டும். ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கிவிட்டோம்.

இப்போதைய நிலை

முடிவெடுக்க அவசரப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனவர், அடுத்த முறை வந்தபோது சொன்னார்: "பேரு மறந்தா நோட்டுல எழுதிப் பாத்துக்கறேன்க்கா. எனக்குத் தனியா பஸ்ஸேறி திருப்பூர் போய்ட்டு வரணும். அது முடியும்னா செய்யலாம்." முழுசாக நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று மறுபடியும் சொன்னேன். அதுவும் தெரியும் என்றார்.

அறுவைக்கு முன்பே நினைவுப் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். பெயரை முகத்தோடும் வீட்டு அடையாளத்தோடும் சேர்த்து எழுதி வைப்பது, பேசியதை அன்றே குறிப்பது, செல்போனில் நேரக் குறிப்பு வைப்பது. அறுவைக்குப் பின் தேவைப்பட்டால் அப்போது புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட இப்போதே பழகிவிடுவது எளிது. அறுவை முடிந்ததும் மாத்திரை நின்றுவிடாது, குறைந்தது ஓரிரு வருடம் தொடரும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே சோதனைகளை இன்னொரு பட்டியலோடு திரும்பச் செய்வோம். அவருடைய கோப்பில் இப்போது ஒவ்வொரு வருகைக்கும் வலிப்பின் எண்ணிக்கையோடு தூக்கம், மனநிலை, மருந்தின் தொந்தரவு, வேலை என்ற வரிகளும் ஏறுகின்றன.

அப்பா இன்னும் முழு மனதாக ஒப்பவில்லை. தலையில் கத்தி வைப்பதென்றால் அவருக்குப் பயம் போகவில்லை. அறுவை செய்துகொண்டு வந்த ஒரு குடும்பத்தோடு, அவர்கள் சம்மதத்தின் பேரில், பேச வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். தேதி இன்னும் குறிக்கவில்லை.